சில்வர் காருக்கு டச்அப் பெயிண்ட்: இரண்டரை வருடம் கழித்து

அலுவலக நண்பர் ஒருவர் கார் எடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. போன வாரம் பானட் முனையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "சார், கல்லடி பட்டுடுச்சு, நீங்க ஏதோ டச்அப் பெயிண்ட் வச்சீங்களே, அது இப்ப எப்படி இருக்கு, நானும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கிற சின்ன பாட்டில் பெயிண்ட்தான் அது. ஒரு வரியில் பதில் போட்டுத் தட்டிக்கழிக்க மனசு வரவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது சில்க்கி சில்வர் ஸ்விஃப்ட். தாம்பரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் ஜிஎஸ்டி சாலையில் போய்வர வேண்டிய வேலை. தார்ப்பாய் கட்டாமல் ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிப் போகிற டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பானட்டின் முன் விளிம்பில் 11 இடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது, கடுகிலிருந்து துவரம்பருப்பு வரை எல்லா அளவிலும். ஒரே மழைக்காலத்தில் அதில் மூன்று புள்ளி பழுப்பாகத் துருப்பிடித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் டச்அப் பாட்டிலே வாங்கினேன். பானட் முழுக்க அடித்துத் தர டிங்கரிங் கடையில் கேட்டது 4,500 ரூபாய், இந்த பாட்டில், கிளியர் (நிறத்துக்கு மேலே வைக்கிற நிறமில்லாத பூச்சு), பிரைமர் (நிறத்துக்கு அடியில் வைக்கிற பூச்சு) எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 700 சொச்சம்.

வாங்கினதும் முதலில் எரிச்சல் வந்தது அந்த மூடியோடு வரும் பிரஷ் மேல். நகப்பூச்சு பிரஷ் மாதிரி பட்டையாக இருக்கிறது. அடைக்க வேண்டிய பள்ளம் ஒரு மில்லிமீட்டர், இது தொட்டாலே நாலு மில்லிமீட்டருக்குப் பெயிண்ட் இறங்கும், சுற்றியிருக்கிற நல்ல பெயிண்ட் மேல் மேடு கட்டும். முதல் இரண்டு புள்ளியை இப்படித்தான் கெடுத்தேன். உடனே தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டேன், கம்பெனி பெயிண்ட் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. வெளியே அடித்த பெயிண்ட்டாக இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்து வந்துவிடலாம், இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பல் குத்தும் குச்சிக்கு மாறினேன், வேலையே மாறிப்போனது. காலை ஏழு மணிக்கு, பானட் சூடேறுவதற்கு முன், நிழலில் வைத்துச் செய்வேன். குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், இழுக்கக் கூடாது, பெயிண்ட் தானாகவே விளிம்பு வரை ஓடி நின்றுகொள்ளும். அதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே அடுத்த புள்ளிக்குக் கை போகும். காய்ந்ததும் உள்வாங்கிவிடும், மறுபடி பள்ளம் தெரியும், அதனால் மெல்லிசாக நாலு ஐந்து முறை வைக்க வேண்டும். கடைசி சொட்டு கிளியர், சுற்றியுள்ள மட்டத்துக்கு ஒரு முடி உயரமாக நிற்க வேண்டும். ஒரு வாரம் விட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற ரொம்ப நைஸான உப்புத்தாள்) பென்சில் முனை அளவுக்கு வெட்டி ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு அந்த மேட்டை மட்டும் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் (பளபளப்பாக்கத் தேய்க்கிற பசை) போட்டால் விரலுக்குத் தட்டுப்படாது. விளிம்பிலும் மடிப்பிலும் கிளியர் கோட் மெல்லிசாக இருக்கும், அங்கே தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

துருப்பிடித்த மூன்றையும் ஊசியால் சுரண்டி, துரு நீக்கும் மருந்து தடவி, பிரைமர் வைத்துத்தான் பெயிண்ட் வைத்தேன். ஒன்றில் மட்டும் அவசரப்பட்டு முழுசாகச் சுரண்டவில்லை, எட்டு மாதத்தில் அது கொப்புளம் மாதிரி எழும்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து செய்தேன். இன்னொரு தவறு மழை நாளில் கிளியர் வைத்தது. காற்றில் ஈரம் இருந்தால் கிளியர் பால் மாதிரி வெளுத்துவிடும். அதையும் துடைத்துவிட்டு, வெயில் வரும் வரை காத்திருந்தேன்.

கதவில் இருந்த கீறல்களுக்கு இந்த பாட்டில் தேவையே படவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டவில்லை என்றால் அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல், காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே போய்விடுகிறது.

இதுவரை எல்லாம் நல்லதுதான். இரண்டரை வருடம், இரண்டு வடகிழக்குப் பருவமழை, அந்த 11 இடத்தில் இன்றைக்கு ஒரு பொட்டுத் துரு கிடையாது. இதை யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன்.

ஆனால் அந்த நிறம்! நேராக நின்று பார்த்தால் பொருந்தியிருக்கிற மாதிரிதான் இருக்கும். சாயங்காலம் ஐந்தரை மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், 11 புள்ளியும் கறுப்பு மச்சம் மாதிரி எழுந்து நிற்கும். முதலில் பாட்டிலில் நிறம் தவறு என்றே நினைத்தேன். என்ஜின் பக்கம் தகட்டில் இருக்கும் இசட் 2 எஸ் என்ற நிறக் குறியீட்டை எழுதிக்கொண்டு போய் பெயிண்ட் கடையில் தனியாகக் கலக்கி வாங்கி வந்து ஒரு புள்ளியில் வைத்தும் பார்த்தேன், அதே கதை. அப்புறம் அந்தக் கடையில் இருந்த பெயிண்டரே சொன்னார். சில்வரில் இருப்பது அலுமினியத் தூள், ஸ்ப்ரே கன் வைத்து அடித்தால் அது மெல்லிய படலமாகப் படுத்துக்கொள்ளும், எல்லாம் ஒரே பக்கம் வெளிச்சத்தைத் திருப்பும். குச்சியால் சொட்டாக வைத்தால் கனமான பெயிண்ட்டுக்குள் கண்டபடி நிற்கும், அதனால் சாய்ந்த வெளிச்சத்தில் இருட்டாகத் தெரியும். நிறக் குறியீடு சரியாக இருந்தாலும் இதற்கு வழியில்லை என்றார். இதை பாட்டில் மேல் ஒரு வரி அச்சடித்திருந்தால் நான் இரண்டாவது முறை காசு செலவழித்திருக்க மாட்டேன். "கண்ணுக்கே தெரியாது" என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. என் தம்பியின் வெள்ளைக் காரில் இதே முறையில்தான் வைத்தோம், அந்தத் தூள் கலந்த மெட்டாலிக் இல்லாத வெறும் வெள்ளை, எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தேட வேண்டியிருக்கிறது.

நண்பருடையது கிரே மெட்டாலிக். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து பார்க்கிங்கில் என் பானட்டைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் போட்டேன், வாங்காதீர்கள் சார், காசு சேர்த்து பானட்டையே கன் வைத்து அடித்துவிடுங்கள் என்று. துரு விஷயத்தில் அது செய்த நல்லது எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். தினமும் அந்தப் புள்ளிகளைப் பார்க்கிறவன் நான்.

பெயிண்ட் அடிக்கும் வரைக்கும் அந்தப் பள்ளங்களில் குச்சியால் பிரைமரையாவது தொட்டு வையுங்கள் சார், மழை ஆரம்பிப்பதற்குள். என்னிடம் பாதி டப்பா மீதி இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.