கைவிளக்கு ஃபர்ம்வேர்: ஆண்டுரிலா, சிறு நிரலா, சொந்த நிரலா?

கைவிளக்குகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்இடியின் மீதிருக்கும் ஆர்வம் அதை ஆளும் சில்லின் பக்கம் திரும்பிவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், எந்த வெப்பத்தில் வெளிச்சம் தானாகக் குறைய வேண்டும், மின்கலம் எவ்வளவு இறங்கினால் விளக்கு அணைய வேண்டும் என்பவற்றையெல்லாம் எல்இடிக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலரின் நிரலே, அதாவது ஃபர்ம்வேரே, தீர்மானிக்கிறது. திறந்த மூலமாகக் கிடைக்கும் ஆண்டுரிலைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வது, பிஸ்ட்ரோ போன்ற பழைய சிறு நிரல்களை எடுத்தாள்வது, தானே எழுதுவது என மூன்று வழிகள் நம் முன் உள்ளன. முதல் நாள் வேலை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே விளக்கைத் திறந்து நிரலைப் புதுப்பிக்க நேர்ந்தால் எது கைகொடுக்கும் என்பதை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

பாதித் தேர்வை விளக்கின் பொத்தானே செய்துவிடுகிறது. வால்பகுதியில் இருக்கும் கிளிக் பொத்தான் மின்சாரத்தையே துண்டிப்பதால், ஒவ்வொரு அழுத்தத்திலும் சில்லு புதிதாக உயிர்பெறுகிறது. மின்னணுப் பொத்தான் உள்ள விளக்கிலோ சில்லு அணைந்த நிலையிலும் உறக்கத்தில் காத்திருந்து அழுத்தங்களை எண்ணுகிறது. ஆண்டுரில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்கானது. பிஸ்ட்ரோவும் அதன் உறவினர்களும் முதல் வகைக்குப் பிறந்தவை.

ஆண்டுரிலின் வலிமை அதன் அமைப்பில் இருக்கிறது. நிலைமாற்றங்களைக் கையாளும் பொது அடித்தளம் ஓரிடத்திலும், பயனர் இடைமுகம் வேறிடத்திலும், ஒவ்வொரு விளக்குக்குமான வன்பொருள் விவரங்கள் தனித்தனி உள்ளமைவுக் கோப்புகளிலும் வைக்கப்பட்டுள்ளன. 150 படிகள் கொண்ட ஒளிப்படிக்கட்டின் அடியும் உச்சியும், இயல்பு வெப்ப வரம்பு, இருமுறை அழுத்தினால் வரும் உச்ச வெளிச்சத்தின் நடத்தை ஆகிய எல்லாமே அந்தக் கோப்பில் ஓரிரு வரிகளாகவே அமைகின்றன. ஒரு வரியைச் சேர்த்தால் ஒரு வசதி வருகிறது, நீக்கினால் போகிறது. நிரலைத் தொடாமலே செய்துகொள்ளக்கூடிய மாற்றங்களும் ஏராளம்: வெப்ப அமைப்புப் பட்டியலுக்குள் போய், அறை வெப்பம் 25 டிகிரி என்றால் 25 முறை அழுத்தி உணரியைத் திருத்திக்கொள்ளலாம், அடுத்த படியில் 15 முறை அழுத்தினால் அது 30 உடன் கூட்டப்பட்டு வரம்பு 45 டிகிரியாகிறது. டிரைவர் பலகைகளில் வரும் மைக்ரோகண்ட்ரோலர்களில் ஒன்றான ஏடிடைனி85 சில்லின் உள் வெப்ப உணரி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10 டிகிரி வரை பிசகக்கூடியது என்பதால், இந்தத் திருத்தத்தை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்குரிய விலை இடம். ஏடிடைனி85 சில்லில் நிரலுக்குள்ள 8 கிலோபைட்டை ஆண்டுரில் விளிம்புவரை நிரப்பிவிடுவதால், புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் மெழுகுவத்தி மினுக்கம், மின்னல் போன்றவற்றில் ஒன்றைக் கைவிட வேண்டிவரும். 16 கிலோபைட் கொண்ட ஏடிடைனி1634, 1616 சில்லுகளில் இந்த நெருக்கடி தளர்கிறது.

மாற்றங்களை எங்கே எழுதுகிறோம் என்பதும் இங்கு முக்கியமாகிறது. 2023-இல் ஆண்டுரிலின் மூலநிரல் பஸார் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் களஞ்சியத்திலிருந்து கிட் என்ற வேறொரு கருவியின் களஞ்சியத்துக்கு இடம்பெயர்ந்ததுடன் அடைவுகளின் அமைப்பும் மாறியது. தம் திருத்தங்களை இடைமுக நிரலுக்குள்ளேயே ஆங்காங்கே எழுதியிருந்தவர்கள் ஒவ்வொன்றையும் தேடிப் புதிய இடத்தில் பொருத்த வேண்டியதாயிற்று. உள்ளமைவுக் கோப்பில் மட்டும் எழுதியிருந்தவர்களுக்கு அந்த ஒரு கோப்பை நகர்த்துவதோடு பெரும்பாலான வேலை தீர்ந்தது. ஆகவே, உள்ளமைவில் முடியாத மாற்றமாக இருந்தாலும், அதைத் தனிக் கோப்பாக எழுதி, மூல நிரலில் அதை அழைக்கும் ஒரே வரியை மட்டும் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். மாற்றிய நிரலுடன் விளக்கைப் பிறருக்கு விற்கவோ கொடுக்கவோ செய்பவர், ஆண்டுரிலின் திறந்த மூல உரிமமான ஜிபிஎல்-இன்படி மூலநிரலையும் பெறுபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

சிறு நிரல்களின் உலகம் வேறு. ஏடிடைனி13ஏ சில்லில் நிரலுக்கு 1 கிலோபைட், தற்காலிக நினைவுக்கு 64 பைட், நிலைத்த நினைவுக்கு 64 பைட். இந்த இடத்துக்குள் எழுதப்பட்ட நிரல்களைப் படிப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் தற்காலிக நினைவு உடனே அழியாமல் சிறிது நேரம் தங்குவதைப் பயன்படுத்தி, அழுத்தம் குறுகியதா நீண்டதா என்று கண்டுபிடிக்கிறார்கள். நிலைத்த நினைவின் ஒரே பைட்டில் மீண்டும் மீண்டும் எழுதினால் அது 1,00,000 முறை அளவில் தேய்ந்துபோகும் என்பதால், ஒவ்வொரு முறையும் அடுத்த பைட்டில் எழுதிச் சுற்றிவருகிறார்கள். பராமரிப்பு என்று பார்த்தால், முழு நிரலையும் ஒரே மாலையில் வாசித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதே இதன் பலம். ஆனால் ஏடிடைனி13ஏ சில்லில் வெப்ப உணரி கிடையாது; எனவே எல்இடிக்கு மின்கலத்தை நேரடியாகத் திறந்துவிடும் டிரைவருக்கு இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் ரெகுலேட்டர் சில்லுகள் கொண்ட மிதமான விளக்குக்கு இதுவே போதும்.

சொந்தமாக எழுதுவதைக் கற்றலுக்காக முழுமனதுடன் வரவேற்கிறேன். ஒரு டைமர், ஒளி அளவைக் கட்டுப்படுத்தும் துடிப்பலை, மின்னழுத்த அளவீடு ஆகியவை இருந்தால் அடிப்படை விளக்கு எரிந்துவிடும். மின்கலம் இறங்கும்போது வெளிச்சத்தைத் தாழ்த்துவதையும், வெப்பம் ஏறும்போது ஊசலாட்டமின்றிக் குறைப்பதையும் சரியாகச் செய்வதுதான் மாதக்கணக்கில் நேரத்தை எடுக்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் மின்கலம் போடும் விளக்கில் அவ்விரண்டும் சோதிக்கப்படும் வரை அந்த நிரலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

நிரலை ஏற்றும் முறையும் சில்லைப் பொறுத்தது. ஏடிடைனி85, 1634 சில்லுகளுக்கு மின்னிணைப்பு உட்பட ஆறு தொடர்புகள் தேவை. 1616 சில்லுக்கு யூபிடிஐ என்ற ஒற்றைக் கம்பி நிரலேற்ற முறையில் ஒரு தரவுக் கம்பியுடன் மின்சாரமும் தரையும் போதும். நெருக்கமான டிரைவர் பலகையில் மூன்று ஊசிகளைப் பிடிப்பதற்கும் ஆறைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அடிக்கடி புதுப்பிக்கும் எண்ணமுள்ளவருக்கு 1616 சில்லுள்ள விளக்கே உகந்தது. எந்தச் சில்லாக இருந்தாலும், முழு அழிப்புக் கட்டளை நிலைத்த நினைவையும் சேர்த்தே துடைக்கும். ஒருமுறை கவனமாகச் செய்துவைத்த வெப்பத் திருத்தமும் மின்னழுத்தத் திருத்தமும் எனக்கு அப்படித்தான் போயின. நிலைத்த நினைவை அழிப்பிலிருந்து காக்கும் ஃபியூஸ் பிட் (சில்லின் நிலையான அமைப்பு பிட்) ஒன்று உண்டு. ஆனால் புதிய பதிப்பில் அமைப்புகள் சேமிக்கப்படும் வரிசை மாறியிருந்தால் பழைய மதிப்புகள் தவறான இடத்தில் வாசிக்கப்படக்கூடும் என்பதால், எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, நினைவைத் துடைத்தே ஏற்றி, மறுபடி கையால் பதிவதையே நான் இப்போது பின்பற்றுகிறேன்.