மே முதல் ஜூலை வரை பிதர்கனிகா டூர் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

46,000 ரூபாய். ஐந்து பேருக்கு. மொத்தமும் போய்விட்டது. இன்று காலைதான் சென்ட்ரலில் வந்து இறங்கினோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒடிசாவில் பிராமணி, பைதரணி ஆறுகள் கடலில் கலக்கும் பக்கம் இருக்கிறது பிதர்கனிகா. அலையாத்திக் காடு, அதற்குள் ஓடும் உப்பங்கழிகள், உப்புநீர் முதலைகள். படகில்தான் சுற்ற வேண்டும். கடை, ஏடிஎம் எதையும் நம்பிப் போக முடியாது. "அதுக்குத்தான் சார் நாங்க இருக்கோம்" என்றார் தி.நகர் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் டூர் ஏஜென்ட். வனத்துறை விடுதி, படகு, பெர்மிட், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பாம்.

அம்மாவுக்கு மூட்டு வலி, படகில் ஏறி இறங்க முடியுமா என்று கேட்டேன். உடனே யாருக்கோ போன் போட்டு, "படகுல முன்னாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைங்க, நம்ம அம்மா வர்றாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மாவே பணத்தைக் கட்டச் சொன்னார். அங்கேயே ஜிபேயில் 46,000 அனுப்பினேன்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போய் பத்ரக்கில் இறங்கி, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி சாந்த்பாலி படகுத்துறைக்குப் போனால், படகுகள் எல்லாம் தார்பாய் மூடிக் கட்டிக் கிடக்கின்றன. முதலைகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலம் என்று மே 1 முதல் ஜூலை 31 வரை பூங்காவையே மூடிவிடுவார்களாம். வருஷா வருஷம் இதுதான் வழக்கமாம். எங்கள் கையில் இருந்த 'பெர்மிட்'டைப் பார்த்த படகுக்காரர், இப்படி ஒரு சீட்டைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அம்மா அந்த வெயிலில் படித்துறையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏஜென்டுக்குப் போன் செய்தால் முதலில் "சிக்னல் சரியில்லை சார்". அப்புறம் "லோக்கல் பார்ட்னர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்". கடைசியில் "திடீர்னு மூடிட்டாங்க சார், நாங்க என்ன பண்றது? பூரி பார்த்துட்டு வாங்க". திடீரென்றா? வருஷா வருஷம் மூடுகிற இடத்துக்கு மே மாதத்தில் டூர் விற்றவருக்கு அது தெரியாதா?

பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக அந்த ஆபீசுக்குப் போனேன். சார் வெளியூர் போயிருக்கிறார் என்றாள் அங்கிருந்த பெண். நீட்டிய காகிதத்தில், அரசு உத்தரவால் பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி. பணம் வாங்கியபோது இந்தக் காகிதத்தைக் கண்ணில் காட்டவில்லை. 46,000 ரூபாய்க்கு அந்த ஒரு வரிதான் பதில்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அங்கே போவதென்றால் குளிர்காலத்தில் போங்கள். ஜனவரியிலும் முதலைக் கணக்கெடுப்புக்காகச் சில நாள் மூடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியை ஒடிசா வனத்துறையின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

இதை எழுதும்போதுகூட அந்த ஆளின் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் "பிதர்கனிகா ஜூன் பேட்ச், சில சீட்டுகளே பாக்கி" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்களுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.