கொச்சி வாட்டர் மெட்ரோ: படகுக்கு மானியம் உண்டு, படகுத்துறைக்கு?

பேட்டரியில் ஓடும் கொச்சி வாட்டர் மெட்ரோ படகில், உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய், சுமார் 20 நிமிடம். வைப்பினுக்கு 20 ரூபாய். ஏசி உண்டு, வழக்கமாக டீசல் புகை இல்லை. மெட்ரோ பயண அட்டையான கொச்சி ஒன் கார்டு இருந்தால் டிக்கெட் வரிசை மிச்சம். வார இறுதியில் ஃபோர்ட் கொச்சிக்கு மாலையில் போகாதீர்கள். படகுக்கு 100 பேர்தான். எண்ணிக்கை நிறைந்ததும் கதவு அடைத்துவிடும், அடுத்த படகுக்குத்தான் காத்திருக்க வேண்டும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

இந்தச் சேவையில் மிகச் சிறந்தது மிதவைத் துறை. கடல் நீர்மட்டம் ஏறினாலும் வற்றினாலும் மிதவை நீரோடு ஏறி இறங்குவதால் படகின் தளமும் துறையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. சக்கர நாற்காலி தடையின்றி உள்ளே போகிறது. பழைய படகுத்துறைகளில் முதியவர்கள் ஏற இறங்கப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது பேட்டரி. கொச்சின் ஷிப்யார்ட் கட்டிய இந்த அலுமினிய இரட்டை உடல் படகுகளில் இருப்பது 122 கிலோவாட்-மணி லித்தியம் டைட்டனேட் பேட்டரி. சாதாரண லித்தியம் பேட்டரியைவிட விலையும் எடையும் கூடுதல். ஆனாலும் சரியான தேர்வு. துறையில் நிற்கும் 10-15 நிமிடத்தில் வேகமாக மின்னேற்றினாலும் சீக்கிரம் கெடாது, தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. மின்னேற்றம் தடைபட்டால் டீசல் ஜெனரேட்டர் கைகொடுக்கும். அதனால் இதை முழு மின்படகு என்று சொல்ல முடியாது, ஹைபிரிட்தான்.

இனி பணம். சுமார் 1,137 கோடி ரூபாய்த் திட்டம் இது. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனும் கேரள அரசின் பணமும் சேர்ந்தது. இதைப் பார்த்துவிட்டு, மத்திய மானியத்தை மட்டும் நம்பி வேறு ஊர்கள் இறங்கினால் சிக்கல் வரும். மத்திய அரசு 2016-ல் தொடங்கிய கப்பல் கட்டுமான நிதியுதவித் திட்டம், பின்னர் வந்த திருத்தத்தில், மின்சார, ஹைபிரிட் படகுகளுக்கு 20 சதவீதம் என்று வைத்தது. 10 கோடி ரூபாய்ப் படகென்றால் 2 கோடி. அதுவும் ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் நியாய விலை, கட்டுபவரின் கைக்கு வந்த தொகை, இம்மூன்றில் எது குறைவோ அதில்தான் கணக்கிட்டார்கள். பணம் போனது படகு கட்டும் தளத்துக்கு. படகு வாங்குபவருக்கு அல்ல. படகை ஒப்படைத்த பிறகே வந்தது.

படகுத்துறைக்கு அந்தத் திட்டத்தில் ஒரு பைசா வைக்கவில்லை. இந்தப் பேட்டரியில் பாதியை 15 நிமிடத்தில் நிரப்பவே சுமார் 245 கிலோவாட் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர், மிதவை மூன்றும் தயாராகாமல் படகு மட்டும் வந்தால் அது ஜெனரேட்டரில்தான் ஓடும். மானியம் கொடுத்த நோக்கமே அங்கே அடிபட்டுப் போகிறது.

குறுகிய தூரப் படகுப் பயணங்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. 2017 முதல் வைக்கம்-தவணக்கடவு இடையே ஓடும் ‘ஆதித்யா’, கூரையில் சூரியத் தகடுகளுடன் 75 பேரை வேம்பநாட்டுக் காயலில் 2.5 கிலோமீட்டர் ஏற்றிச் செல்கிறது. ஏசி கிடையாது, காற்று தாராளம்.

டெண்டர் எழுதுபவர்கள் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: மானியத்தைக் கழித்த விலையா, கழிக்காத விலையா என்பதைக் கட்டும் தளம் தனியாகக் காட்ட வேண்டும், முதல் படகு வருவதற்கு முன்பே துறையின் மின் இணைப்பு சோதித்து முடிந்திருக்க வேண்டும்.