மூலக்கூறு மாதிரிப் பெட்டி: ஓர் அசெம்பிளி லைன்காரரின் மதிப்புரை

மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்காக இணையக் கடை ஒன்றில் 1,150 ரூபாய்க்கு வாங்கிய மூலக்கூறு மாதிரிப் பெட்டியை (அணுக்களுக்கு உருண்டைகள், அவற்றை இணைக்கும் பிணைப்புகளுக்குக் குச்சிகள்) மூன்று மாதங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். நான் வேதியியல் படித்தவன் அல்லன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் அசெம்பிளி லைனில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆகவே அவள் அதில் கார்பனையும் ஆக்சிஜனையும் பார்க்கிறாள் என்றால், நான் பார்ப்பது பாகங்களையும் அவற்றைப் பூட்டும் வரிசையையும்தான். ஒரு பொருளைப் பூட்டுவதற்கு ஏற்ற முறையில் வடிவமைத்திருக்கிறார்களா என்பதை எங்கள் லைனில் இரண்டே கேள்விகளால் அளப்போம்: எந்தத் தவறைச் செய்யவிடாமல் அது தடுக்கிறது, எந்தத் தவறைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது? இந்தப் பெட்டியையும் அப்படியே அளந்தேன்.

பெட்டிக்குள் 240 துண்டுகள் இருப்பதாக மூடியில் அச்சிட்டிருக்கிறார்கள். வந்த அன்றே தரையில் பழைய வேட்டியை விரித்து எண்ணிப் பார்த்ததில் வெள்ளை உருண்டைகள் இரண்டு குறைந்தன. குட்டைக் குச்சிகளில் மூன்று, வார்ப்பில் ஓரம் பிசிறு தட்டி, துளைக்குள் போக மறுத்தன. உருண்டைகளின் நிறமும் பளபளப்பும் நன்றாகவே இருக்கின்றன. குச்சியைப் பிடுங்கி எடுப்பதற்கென்று ஒரு சிறிய நெம்புகோலும் தந்திருக்கிறார்கள், அது இல்லாமல் நகம் பெயர்ந்துவிடும். அறைகள் பிரித்த தட்டு இல்லாததால் எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் குறை. ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ 1961இல் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் செய்த ஏற்பாடு எங்கள் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் கதை. சிறிய சுவிட்ச் ஒன்றுக்குள் இரண்டு சுருள்வில் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். பூட்டத் தொடங்குமுன் இரண்டு வில்லையும் எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார் ஷிங்கோ. வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சிக் கிடந்தால் மறந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே உத்தியில் இட்லித் தட்டு ஒன்றை எடுத்து, அதன் குழிகளில் நிறம் பிரித்து உருண்டைகளைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எங்கள் வேலை ஒழுங்குக்கு வந்தது.

இந்தப் பெட்டி தடுக்கும் தவறுகளை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் அது கொடுத்த பணத்துக்கு ஈடாகிறது. கறுப்பு உருண்டையில் நான்கு துளைகள். எனவே கார்பனுக்கு ஐந்தாவது பிணைப்பைக் கொடுக்க யாராலும் முடியாது. அந்த நான்கும் ஒன்றுக்கொன்று 109.5 டிகிரி கோணத்தில் நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) மூலைகளை நோக்கித் துளைக்கப்பட்டிருப்பதால், மீத்தேனைத் தட்டையாகச் செய்ய நினைத்தாலும் செய்ய இயலாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டால் விளங்கும். 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன், மரப்பந்தைச் சுத்தியலால் தட்டி ஆடும் குரோக்கே விளையாட்டின் பந்துகளுக்கு வண்ணம் பூசி, குச்சிகளால் இணைத்து மூலக்கூறுகளைக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்று இன்றும் எல்லாப் பெட்டிகளிலும் வரும் நிறங்கள் அங்கிருந்து வந்தவைதாம். ஆனால் அவருடைய கார்பனின் நான்கு கைகளும் ஒரே தளத்தில் சிலுவைபோல நீட்டிக்கொண்டிருந்தன. 1874இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் நான்முகிக் கருத்தை முன்வைத்து, அட்டையில் மடித்த சிறு மாதிரிகளைச் சக வேதியியலாளர்களுக்கு அனுப்பி வைத்த பிறகுதான் அந்தத் தட்டைத்தனம் மெல்ல ஒழிந்தது. ஹாஃப்மனின் பந்துகள் அனுமதித்த ஒரு தவறை இன்றைய துளைகள் பேச்சில்லாமல் தடுத்துவிடுகின்றன.

இரட்டைப் பிணைப்புக்கு வளையக்கூடிய நீளக் குச்சிகள் இரண்டைத் தந்திருக்கிறார்கள். அவற்றைப் பூட்டியதும் எத்திலீனின் இரு முனைகளையும் திருக முடியாமல் போவது சரியாகவே அமைந்திருக்கிறது. மாணவர்களுக்கு அதை விரலால் உணர்வது பத்துப் பக்கப் பாடத்துக்குச் சமம். ஆறு கார்பன் வளையமான பென்சீனில் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைக் குச்சிகள் நிற்பதைப் பார்த்து, ஆறு பிணைப்புகளும் ஒரே நீளமுடையவை என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடும்.

குளுக்கோஸைச் செய்யும்போதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான குணம் தெரிந்தது. வளைய வடிவக் குளுக்கோஸுக்கு 24 உருண்டைகளும் 24 குச்சிகளும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் மகளும் தனித்தனியாக ஒன்று செய்வதென்று உட்கார்ந்தோம். அவள் பாடநூல் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து அணு அணுவாகச் சேர்த்துக்கொண்டே போனாள். நான் லைன் பழக்கத்தில் முதலில் சப் அசெம்பிளிகளைச் செய்தேன்: ஒரு கார்பன், அதன்மேல் ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், அந்த ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் என்று ஒரே மாதிரியான நான்கு துண்டுகள், பிறகு ஐந்தாம் கார்பன், அதில் தொங்கும் ஆறாம் கார்பன் தொகுதி, வளையத்தை மூடும் ஒற்றை ஆக்சிஜன். நடுவில் சிலிண்டர்காரர் மணி அடித்தார். மகள் எழுந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கே விட்டோம் என்பது மறந்துபோய், மூன்று கார்பன்களைப் பிரித்து மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. எனக்கோ கையிலிருந்த ஒரு துண்டு மட்டுமே கலைந்தது. பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1962இல் சொன்ன இரண்டு கடிகாரக்காரர்களின் கதை இதுவேதான்: ஆயிரம் பாகங்களையும் ஒரே மூச்சில் கோப்பவர் ஒவ்வொரு முறை யாராவது குறுக்கிடும்போதும் முதலிலிருந்து தொடங்குகிறார், பத்துப் பத்தாகக் கோத்து வைப்பவர் பத்துக்குள்தான் இழக்கிறார்.

பெரிய மூலக்கூறுகளைத் தயாரிக்கும் வேதியியலாளர்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். எட்டுத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ஏழு படிகள்; ஒவ்வொரு படியிலும் 90 சதவீதமே கைக்குக் கிடைக்கிறது என்றால் கடைசியில் மிஞ்சுவது 48 சதவீதம். அவற்றையே இரண்டிரண்டாகவும், பிறகு நான்கு நான்காகவும், கடைசியாக இரு பாதிகளாகவும் இணைத்தால் எந்தத் துண்டும் மூன்று படிகளுக்கு மேல் கடப்பதில்லை. மிஞ்சுவது 73 சதவீதம். இன்ஜினைத் தனியே, பின்புற அச்சைத் தனியே முடித்துக் கடைசி லைனுக்குக் கொண்டுவரும் கார்த் தொழிற்சாலைக்காரனுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

நான் முதலில் முடித்துவிட்டேன் என்று பெருமையோடு நீட்டியதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த மகள், "அப்பா, நீங்க செஞ்சது காலக்டோஸ்" என்றாள். நான்காவது கார்பன் துண்டை வளையத்தில் பூட்டும்போது தலைகீழாகத் திருப்பிவிட்டிருக்கிறேன். உருண்டைகள் அதே 24, குச்சிகளும் அதே 24. மிச்சமாகத் தட்டில் ஒன்றும் கிடக்கவில்லை என்பதால் ஷிங்கோவின் உத்தி இங்கே உதவவில்லை. ஆனால் அந்த ஒரு திருப்பத்தால் பொருளே மாறி, பாலிலுள்ள லாக்டோஸில் குளுக்கோஸோடு ஜோடி சேர்ந்திருக்கும் வேறொரு சர்க்கரை ஆகிவிட்டது. இரு பக்கமும் ஒன்றுபோல் பொருந்தும் பாகத்தை லைனுக்கு அனுப்பினால் என்றாவது ஒருநாள் யாராவது அதைத் திருப்பிப் பூட்டத்தான் செய்வார்கள். அதனால்தான் நாங்கள் வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் ஊசி வைப்போம், ஒரு மூலையை வெட்டிவிடுவோம். உயிரணுவுக்குள் அந்த வேலையை, வேதிவினைகளை நடத்தும் புரதங்களான நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. பெட்டியில் நொதி இல்லை, கண்தான் உண்டு. விளக்கக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எட்டுப் பக்கக் கையேட்டில் மீத்தேன், ஈத்தேன், தண்ணீர் என்று யாருக்கும் தவறாத மூலக்கூறுகளை மட்டும் பெரிய படங்களாகப் போட்டிருக்கிறார்கள்.

நீண்ட சங்கிலிகளைச் செய்யும்போது இன்னொரு தொல்லை வந்தது. புரதங்களின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் ஆறு கோத்த பெப்டைடு ஒன்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அடுத்ததைப் பூட்டுவது, மேசைமேல் பிடிமானம் இல்லாமல் போல்ட்டு முறுக்குவதைப் போன்றது. தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தெர்மோகோல் கட்டை ஒன்றில் முதல் குச்சியைச் செருகி நிறுத்திய பின் இரண்டு கைகளும் விடுபட்டன. இதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் தன் ஆசிரியையிடம் கேட்டு வந்து வேதியியலாளர் புரூஸ் மெரிஃபீல்டின் பெயரைச் சொன்னாள். 1963இல் அவர் பெப்டைடின் ஒரு முனையைக் கரையாத சிறு மணியில் கட்டிவைத்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மிஞ்சிய வேதிப்பொருளை ஒவ்வொரு முறையும் கழுவி ஊற்றினாராம்; 1984இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவருடைய மணியும் பாலிஸ்டைரீன்தான், என் தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எனினும் அது ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டும் முறை என்பதால் அதன் கணக்கு கடுமையானது: ஒவ்வோர் இணைப்பும் 99 சதவீதம் வெற்றி பெற்றாலும் நூறு இணைப்புகளின் முடிவில் முழுதாகத் தேறுவது 37 சதவீதம் மட்டுமே. இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்கள் துளையிட்ட ஒரு பீடத்தைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் ஐம்பது ரூபாய் அதிகம் கேட்டாலும் தரலாம்.

பெட்டியின் பெரிய குறை இன்னொன்று. அதைக் குறை என்று சொல்வதா, இந்த வகை மாதிரிகளின் இயல்பு என்று சொல்வதா என்பது அவரவர் பார்வை. உருண்டைகள் சிறியவை, குச்சிகள் நீளமானவை. நடுவில் வெற்றிடம் தாராளமாகக் கிடக்கிறது. அதனால் உண்மையில் ஒன்றையொன்று இடிக்கும் அணுக்களைக்கூட இங்கே அருகருகே கொண்டுவந்துவிடலாம், குச்சி எந்த மறுப்பும் சொல்லாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொல்லாஜனுக்கு மூன்று இழைகள் பின்னிய சுருள் அமைப்பை முன்வைத்தபோது, அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்ற விமரிசனம் எழுந்தது. அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்ற கேள்வியை ராமச்சந்திரன் அதன்பின் விடவில்லை. பெப்டைடு சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களை எடுத்துக்கொண்டு, எந்தச் சேர்க்கைகளில் அணுக்கள் இடிக்காமல் இருக்கும் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963இல் வெளியிட்ட வரைபடம்தான் இன்று உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். எங்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு தர ஆய்வுக் கருவி: பூட்டி முடித்த பொருளில் நடக்க முடியாத கோணம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தெர்மோகோல் பெப்டைடை மகள் இப்படியும் அப்படியும் முறுக்கிக் காட்டிய பல நிலைகளை அந்த வரைபடம் நிராகரித்திருக்கும். பெப்டைடு, புரதம் என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு, அணுக்களை அவற்றின் முழுப் பருமனில் காட்டும் மாதிரிகள்தான் சரி. விலை சற்றுக் கூடுதலாக இருக்கும்.

குச்சிகளின் இறுக்கம் பற்றி இணையத்தில் பலர் புகார் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பிணைப்பு உறுதியாக இருக்க வேண்டும் என்ற அளவில் இறுக்கம் சரியே. சர்க்கரைக்கும் பென்சீனுக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் மூலக்கூறுகள் தாமாகவே கூடி அமையும் விதத்தை இவ்வளவு இறுக்கமான குச்சியால் காட்ட முடியாது. லைனில் அதிர்வுக் கிண்ணம் என்று ஒரு கருவி உண்டு. உள்ளே திருகாணிகளைக் கொட்டிவிட்டால் கிண்ணம் நடுங்க நடுங்க அவை சுருள் பாதையில் ஏறும்; தவறான பக்கம் திரும்பியவை கிண்ணத்துக்குள்ளேயே விழுந்து மறுபடியும் முயலும், சரியாகத் திரும்பியவை மட்டும் மேலே வந்து சேரும். கையால் யாரும் திருப்பிவைப்பதில்லை. விழுந்து எழ வாய்ப்பிருப்பதால்தான் அது வேலை செய்கிறது. புகையிலைச் செடியைத் தாக்கும் புகையிலைத் தேமல் வைரஸின் புரதங்களையும், மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழையையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, 1955இல் விஞ்ஞானிகள் ஃப்ரென்கல்-கோன்ராட்டும் ரோப்லி வில்லியம்ஸும் மீண்டும் ஒன்றாகக் கலந்தபோது, நோய் உண்டாக்கவல்ல வைரஸ் துகள்கள் குழாயிலேயே உருவாயின. ஏறத்தாழ 2,130 ஒரே மாதிரிப் புரதங்கள் ஓர் இழையைச் சுற்றி 300 நானோமீட்டர் நீளத் தண்டாக அடுக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு புரதமும் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற, எளிதில் கழலும் மெல்லிய பிடிதான், தவறாக உட்கார்ந்தது கழன்று வேறிடம் தேட முடியும். இந்தப் பெட்டியில் தவறாக உட்கார்ந்த குச்சியைக் கழற்ற நெம்புகோல் வேண்டும். ஒருமுறை நெம்பியதில் குச்சி துளைக்குள்ளேயே முறிந்து, அந்தக் கறுப்பு உருண்டைக்கு இப்போது மூன்றே கைகள்.

பாடநூல் அளவிலான கரிம வேதியியலுக்கு ஒருவருக்கு ஒரு பெட்டி போதும். கொலஸ்ட்ரால்வரை போக நினைப்பவர்கள் 27 கறுப்பும் 46 வெள்ளையும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு வாங்குங்கள், எங்கள் பெட்டியில் இரண்டுமே போதவில்லை. வகுப்பறைக்கு வாங்கும் ஆசிரியர்கள் இரண்டு பெட்டிகளாக வாங்கினால் நான்கு பேர் கொண்ட குழுவுக்குத் தட்டுப்பாடு வராது.

குறைந்த உருண்டைகளையும் பிசிறு தட்டிய குச்சிகளையும் படம் பிடித்து அனுப்பியதில், பத்து நாள் கழித்து ஒரு சிறிய உறை வந்தது. வெள்ளை உருண்டைகள் இரண்டும் சரி. குச்சிகள் மட்டும் வேறு வார்ப்பைச் சேர்ந்தவைபோலும், விட்டம் குறைந்து, துளையில் தளர்ந்து ஆடின. லேசாக உலுக்கினாலே கழன்று விழுந்தன. திருப்பி அனுப்பலாம் என்று நான் உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, மகள் அவற்றை எடுத்துப் பழைய தைல டப்பா ஒன்றில் போட்டு, மூடியில் "ஹைட்ரஜன் பிணைப்பு" என்று எழுதி ஒட்டிவிட்டாள்.