சில்வர் பேப்பரா, பவுடர் கோட்டிங்கா? ரிம்முக்கு எது நிற்கும்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று மாமா ஓட்டிவிட்டு எனக்குத் தந்த யமஹா ஆர்எக்ஸ் 100. கம்பி வீல், குரோம் ரிம். இன்னொன்று அலாய் வீல் போட்ட 150 சிசி. இரண்டின் சக்கரமும் பார்க்கச் சகிக்காமல் போன பிறகுதான், எந்த வைத்தியம் எதற்கு என்று உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஒரு காந்தத்தை ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, மேலே குரோம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இது தெரியாமல் கடைக்குப் போய் "நல்ல பாலிஷா ஒண்ணு குடுங்க" என்று கேட்பது வீண்.

குரோம் ரிம்முக்கு நான் முதலில் கைவைப்பது சப்பாத்தி சுற்றும் சில்வர் பேப்பரில்தான். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. இரும்பை உண்மையில் காப்பது அதன் அடியில் உள்ள நிக்கல். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாக ஈரம் இறங்கி, துரு வெளியே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். சில்வர் பேப்பரைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பாக ஒரு குழம்பு கிளம்பும். துணியால் வழித்துவிட்டால் அந்த இடத்தில் நம் முகம் தெரியும். அந்தப் பேப்பர் அலுமினியம்தான். அது குரோமைவிட மென்மையான உலோகம், அதனால் கீறல் விழாது. உப்புத்தாளோ பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோ போட்டால் கதை முடிந்தது.

இதற்குப் போட்டியாகப் பலர் சொல்வது பாத்ரூம் ஆசிட். துரு நிமிடத்தில் போகும், உண்மை. ஆனால் அதே அமிலம் குரோமையும், கம்பிகளின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா? அங்கே எந்தத் தேய்ப்பும் எடுபடாது. மறுபடி குரோம் போடுவதா, புது ரிம் வாங்குவதா என்பதுதான் கேள்வி. எதுவானாலும் கம்பிகளைக் கழற்றி மறுபடி கோர்த்துக் கோட்டம் எடுக்கும் கூலி உண்டு. முலாம் வேலையில் பள்ளங்களைத் தேய்த்துச் சமன் செய்யும் செலவும் கூடச் சேரும். அசல் ரிம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் புது ரிம்மே என் கட்சி. கம்பிகளை மட்டும் முலாம் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். அங்கே ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் கெட்டியான எஃகு முறியும் தன்மைக்கு வந்துவிடும். புதுக் கம்பி செட் போட்டுக்கொள்வதுதான் நிம்மதி.

அலாய்க்கு வருவோம். இங்கே மூன்று வழி. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் சொரசொரப்பான 400-இல் தொடங்கி நைசான 2000 வரை போய், பஃபிங் அடித்துக் கண்ணாடியாக்கலாம். அழகு என்றால் அதுதான் அழகு. ஆனால் கடற்கரை ஊரில் சில வாரத்திலேயே மங்கும். விடாமல் மெழுகு தேய்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு இல்லை.

மீதி இருப்பது பெயின்டும் பவுடர் கோட்டிங்கும். பவுடரை 180 முதல் 200 டிகிரி வரை சூளையில் வேகவைப்பார்கள். தெறிக்கும் கல்லை அது நன்றாகத் தாங்கும். அதற்கு மேல் சூட்டில் வெகுநேரம் விட்டால் அலாயின் உறுதி குறையும். அதனால் அனுபவமுள்ள பட்டறை முக்கியம். நான் முதலில் கொடுத்த இடத்தில் பேரிங் உட்காரும் குழியை மறைக்காமல் அதன் மேலும் பூசிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேரிங் உள்ளே இறங்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சுரண்டியே போனது. ஆகவே குழி, டிஸ்க் உட்காரும் முகம், போல்ட் மரை எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லிக் காகிதத்தில் எழுதியே கொடுங்கள். விரிசல் இருக்கிறதா என்று பூசுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு தெரியாது.

ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் திரவம், கலந்த பெயின்ட் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் பெயர்ந்த இடத்தை மட்டும் தேய்த்து அடித்துக்கொள்ளலாம். பவுடரில் அந்த ஒட்டுவேலை தனியாகத் தெரியும். அடிக்கும்போது சரியான முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள், அந்த ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகாது. அலுமினியத்துக்கான பிரைமர் போடாவிட்டால் தோல் உரிவதுபோல் உரியும்.

தினம் ஓடும் வண்டிக்கு நான் பவுடருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், அடர் சாம்பல் நிறம். செயின் எண்ணெய் தெறித்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பேன், டிஸ்க்கில் மட்டும் படவிடாமல். டயர் கடையில் கம்பி பட்டு வால்வு பக்கம் பெயர்ந்த இடத்தில் இப்போது தங்கையின் நெயில் பாலிஷ் இருக்கிறது. நிறம் சரியாகப் பொருந்தவில்லை.