ஓகிள் முன்னெச்சரிக்கைத் தரவு: வன்னியில் நுண்வில்லை தேடுவோருக்கு எவ்வளவு உதவும்?

ஆனி மாத நள்ளிரவில் இரணைமடுப் பக்கம் தெற்கே பார்த்தால், பால்வீதியின் நடுப்பகுதி ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் நிற்கும். ஈர்ப்பு நுண்வில்லை நிகழ்வுகள், அதாவது முன்னால் கடக்கும் ஒரு பொருளின் (வில்லையின்) ஈர்ப்பு பின்னாலுள்ள விண்மீனின் ஒளியைச் சிறிது காலம் பெருக்கிக் காட்டும் நிகழ்வுகள், அதிகம் அகப்படும் திசை அதுதான். ஆனால் நெரிசலான அந்தப் புலத்தில் 19, 20 மக்னிடியூட் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) விண்மீன்களை அளக்கச் சிறு தொலைநோக்கி போதாது. சிலியின் லாஸ் கம்பானாஸிலுள்ள 1.3 மீற்றர் தொலைநோக்கியின் அளவீடுகளைப் போலந்தின் ஓகிள் குழு இலவசமாகத் தருகிறது. புதிய நிகழ்வு தென்பட்டதும் அறிவிக்கும் அதன் முன்னெச்சரிக்கைச் சேவை 1994இல் தொடங்கியது.

பதிவு, கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. நிகழ்வுக்கொரு சிறிய எழுத்துக் கோப்பு. போன் டேட்டாவிலேயே இறங்கிவிடும். ஐந்து நிரல்களில் முதல் மூன்றான ஜூலியன் நாள், ஐ-பட்டை (அண்மை அகச்சிவப்பு) மக்னிடியூட், அதன் வழு ஆகியவை போதும். விண்மீன் அமைதியாக இருந்த ஆண்டுகளின் மக்னிடியூட் இடையத்தை அடிமட்டமாக எடுங்கள். தொடர்ந்து மூன்று புள்ளிகளாவது 3 சிக்மாவுக்கு (வழுவின் மூன்று மடங்குக்கு) மேல் பிரகாசமானால் நுண்வில்லை மாதிரியைப் பொருத்துங்கள். பைதானில் மியூலென்ஸ்மாடல் என்ற மென்பொருள் தொகுப்பு தாராளமாகப் போதும். வில்லை, விண்மீனின் நேர்க்கோட்டிலிருந்து ஐன்ஸ்டைன் ஆரையளவு (இரண்டும் நேராக நின்றால் தோன்றும் ஒளிவளையத்தின் ஆரையளவு) விலகி நின்றால் ஒளிப் பெருக்கம் 1.34, அதாவது 0.32 மக்னிடியூட். கை-வர்க்கம் (மாதிரி அளவீடுகளிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) பெரிதாக வந்தால் மாதிரியை உடனே குறை சொல்லாதீர்கள். தரப்பட்ட வழுக்கள் பெரும்பாலும் சிறியவை, முதலில் அவற்றைப் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும்.

ஓகிள் இணையப் பக்கத்தில் தரப்படும் மாதிரிப் பரமானங்களை அப்படியே நம்பக்கூடாது. பல நிகழ்வுகளில் கலப்புப் பின்னம் (மொத்த ஒளியில் பெருக்கப்படும் விண்மீனின் பங்கு) 1.000 என்றே இருக்கும்: அயல்மீன் ஒளி கணக்கில் இல்லை என்று பொருள். அந்த ஒளியை விட்டால் உச்சம் தணிந்து தெரியும். வில்லை விண்மீனை நெருங்கும் மிகக்கிட்டிய தூரம் கூடுதலாகவும் ஐன்ஸ்டைன் காலம் (ஐன்ஸ்டைன் ஆரையைக் கடக்கும் நேரம்) குறைவாகவும் வரும். இவ்விரண்டையும் பெருக்கி வரும் தொகை ஏறக்குறைய மாறாததால் உச்சியிலுள்ள புள்ளிகளால் பிரித்தறிய முடியாது, இறக்கையிலுள்ள (உச்சிக்கு இருபுறமும் ஒளி ஏறி இறங்கும் பகுதியிலுள்ள) புள்ளிகளே தீர்ப்புச் சொல்லும். பின்னத்தைச் சுதந்திரமாக விட்டுப் பொருத்தி, 1ஐ வெகுவாகத் தாண்டினால் சந்தேகியுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் நிகழ்வில் பூமி சூரியனைச் சுற்றி ஓடுவதால் நம் பார்வைக்கோடு மாறி வரும் இடமாறு தோற்றத்தையும் சேர்க்க வேண்டும். தனித்த கருந்துளை என 2022இல் அறிவிக்கப்பட்ட ஓகிள்-2011-பிஎல்ஜி-0462 இதற்கு அருமையான பயிற்சி.

பெரிய குறை, குழு ஏற்கெனவே தேர்ந்தவை மட்டுமே இங்கு கிடைக்கின்றன. ஒளி மாறாத கோடிக்கணக்கான விண்மீன்கள் இல்லாமல் உங்கள் வடிகட்டி எத்தனை பொய் எச்சரிக்கை தருமென்று அளக்க முடியாது. வவுனியாவிலோ அறிவியல் நகரிலோ இதை மாணவர் செயற்றிட்டமாக எடுப்போர், அதே குழுவின் மாறும் விண்மீன் தொகுப்பிலிருந்து குறுநோவாக்களையும் (அவ்வப்போது ஒளி வெடிப்புக் காட்டும் இரட்டை விண்மீன்களையும்) நீள்கால மாறிகளையும் இறக்கிக் கலந்து சோதிக்கலாம். குறுநோவா வேகமாக ஏறி மெல்ல இறங்கும், மறுபடியும் வெடிக்கும். சமச்சீரையும் ஒரே தடவை என்பதையும் கேட்கும் நிபந்தனை அதை வெட்டிவிடும்.