நேஷன்ஸ்டேட்ஸில் ஏழு வருடம்: தயிர்ச்சட்டிக் கட்சி பட்ட பாடு

2017இல் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வேலைவெட்டி இல்லாமல் திரிந்த நாட்களில், கல்லடிக் கடற்கரையில் வைத்துத்தான் இந்தக் கரைச்சல் ஆரம்பித்தது. காத்தான்குடிக் கூட்டாளி ஒருவர், எங்களைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் எல்லோருக்குமே அவர் காக்கா, போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டி "தம்பி, ஒனக்கு ஒரு நாடு வேணுமாடா?" என்று கேட்டார். வேணாம் என்று யார்தான் சொல்வார்கள்.

நேஷன்ஸ்டேட்ஸ் என்பது ஒரு நாட்டை நாமே நடத்துகிற இணைய விளையாட்டு, முழுக்க முழுக்க எழுத்துதான். படமோ சத்தமோ பெரிதாக இல்லை, டேட்டா தின்னாது, பழைய போனிலும் ஓடும், காசும் கேட்காது. மெக்ஸ் பெரி என்ற அவுஸ்திரேலிய நாவலாசிரியர் தன் நாவலுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று 2002 நவம்பரில் தொடங்கிய சமாச்சாரம். நாட்டுக்குப் பெயர், கொடி, நாணயம், தேசிய விலங்கு எல்லாம் நாமே வைத்துக்கொள்ளலாம் (என் தேசிய விலங்கு எருமை). பிறகு பிரச்சினைகள் வரும். நாலு ஆலோசகர்கள் நாலு கோணத்தில் உளறுவார்கள், ஒருவர் சொல்வதை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பைத் தூக்கி எறியலாம். எதை ஏற்றாலும் எங்கேயோ ஒரு மூலையில் யாரோ நாசமாவார்கள். அந்தப் பகிடிதான் முதல் ஆறு மாதம் என்னைப் பிடித்து வைத்தது. பகிடி உள்ளே மட்டும் நடக்கவில்லை: அங்கிருந்த உலக அமைப்புக்கு முதலில் ஐக்கிய நாடுகள் என்றே பெயர், 2008இல் உண்மையான ஐ.நா.விடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் உலக சபை என்று மாற்றினார்கள்.

ஆனால் ஏழு வருடம் என்னை உள்ளே வைத்திருந்தது கட்சி.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: இந்த விளையாட்டில் கட்சி என்று ஒரு பொத்தானே கிடையாது. தேர்தலுக்கும் கிடையாது, பாராளுமன்றத்துக்கும் கிடையாது. பிராந்தியத்தில், அதாவது நாடுகள் சேர்ந்திருக்கும் குழுவில், இருக்கும் ஆட்கள் வெளியே கூடித் தாங்களாகவே யாப்பு எழுதி, தாங்களாகவே வாக்குப் போட்டு, தாங்களாகவே அமைச்சர்களாகிக் கொள்வதுதான் எல்லாம். இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: உலக சபை உறுப்பு நாடுகளில் அதிகமானவை யாரை என்டோஸ் பண்ணியிருக்கின்றன, அதாவது யாருக்கு ஆதரவு கொடுத்திருக்கின்றன என்பது. ஒருவர் எத்தனை நாடும் வைத்திருக்கலாம், சபையில் ஒன்றுதான் சேரலாம். விளையாட்டு தன் கணக்கைப் புதுப்பிக்கும் அப்டேட் நேரத்தில் யாருக்கு என்டோஸ்மென்ட் கூடவோ அவர்தான் டெலிகேட், பிராந்தியத்தின் பிரதிநிதி. அந்த அப்டேட் நாளுக்கு இரண்டு தடவை, நமக்குக் காலை ஒன்பதரைக்கும் இரவு ஒன்பதரைக்கும் தொடங்கும். அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் பத்தரை.

காக்கா தொடங்கிய பிராந்தியத்தில் கல்லடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஒரு பதினைந்து பேர் சேர்ந்தோம். 2018 தொடக்கத்தில் நாங்கள் நாலு பேர் கட்சி தொடங்கினோம், சின்னம் தயிர்ச்சட்டி. கொள்கை என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, ஆனால் 14 பக்க யாப்பு இருந்தது. அதில் மூன்று பக்கம் உபதலைவர்களைப் பற்றி.

எங்கள் பாராளுமன்றத்துக்கு 5 ஆசனம், இலங்கைப் பாராளுமன்றத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 என்பதால். ஆசனக் கணக்கும் நம் நாட்டுக் கணக்கேதான் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன், அனுபவித்ததும் நான்தான். 2019 தேர்தலில் மொத்தம் 11 வாக்கு. காக்காவின் அணிக்கு 5, எங்களுக்கு 4, எங்களிடமிருந்து பிரிந்துபோன இருவருக்கு அவர்களுடைய 2. கூடிய வாக்கு எடுத்தவருக்கு ஒரு போனஸ் ஆசனம், சரி. மிச்சம் 4. 11ஐ 4ஆல் வகுத்து மேல் முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் 3 வாக்குக்கு ஓர் ஆசனம். அவர்களுக்கு 1, எங்களுக்கு 1. எஞ்சிய இரண்டு ஆசனமும் பெரிய மீதிக்கு. அவர்களிடம் மீதி 2, பிரிந்துபோனவர்களிடமும் மீதி 2, எங்களிடம் மீதி 1. ஆக அவர்களுக்கு 3, பிரிந்த இருவருக்கு 1, நாலு வாக்கு எடுத்த எங்களுக்கும் அதே 1. பேப்பரில் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி. பாடப் புத்தகத்தில் படித்தபோது விளங்காத விகிதாசாரம் அன்றிரவு நன்றாகவே விளங்கியது.

இப்படி அடிபட்டுக்கொண்டு இருக்க, 2022 தொடக்கத்தில் காக்கா வேலைக்குக் கட்டார் போனார். 28 நாள் உள்ளே வராவிட்டால் நாடு அழிந்துவிடும், விடுமுறை என்று போட்டு வைத்திருந்தால் 60 நாள். புது வேலை, புது ரூம், மனிதர் மறந்துவிட்டார். அப்போதெல்லாம் தொடங்கியவரின் நாடு போனால் பிராந்தியம் திறந்த வீடு. ரெய்டர்கள் என்று ஒரு கூட்டம் இதற்காகவே காத்திருக்கும். அப்டேட்டுக்குச் சில விநாடிக்கு முன் ஒன்றாக உள்ளே குதித்து, தங்கள் ஆளை என்டோஸ் பண்ணி, டெலிகேட் பதவியைப் பறித்துவிடும்.

மார்ச் கடைசி. 13 மணி நேர மின்வெட்டுக் காலம். எங்கள் டெலிகேட்டுக்கு 6 என்டோஸ்மென்ட் இருந்தது, அப்டேட் நேரத்தில் விழித்திருந்து பார்க்க முறை வைத்திருந்தோம், அன்று என் முறை. ஒன்பது இருபதுக்குப் போனில் 4 வீதம் சார்ஜ், சிக்னல் ஒரு கோடு, பிறகு அதுவும் இல்லை. விறாந்தையில் நுளம்புக்கு விசிறிக்கொண்டு இருட்டுக்குள் இருந்தேன். காலையில் உள்ளே போனால் கொடி மாறியிருக்கிறது, எங்களில் சிலர் ரிஜெக்டட் ரெல்ம்ஸில் கிடக்கிறோம், துரத்தப்பட்ட நாடுகள் எல்லாம் போய் விழுகிற இடம் அது. கட்சியின் அவசர மத்திய குழுக் கூட்டம் அங்கேதான் நடந்தது. முதல் தீர்மானம், எனக்குக் கண்டனம்.

டிஃபென்டர்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது, இப்படிப் பறிபோனதை மீட்டுக் கொடுப்பதே அவர்களுக்கு விளையாட்டு. சில நாட்களில் மீட்டுத் தந்தார்கள், எங்கள் பொதுச் செயலாளரையே டெலிகேட்டாகவும் ஏற்றிவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் உண்மையான கூத்து. "நிலைமை சீரானதும் தேர்தல்" என்றான். நாலு மாதம் நிலைமை சீராகவே இல்லை. யாப்பின் 9ஆம் பிரிவைக் காட்டினோம், வட்ஸ்அப்பில் ஒரு தம்ஸ்அப் போட்டான். கடைசியில் சத்தமில்லாமல் ஒவ்வொருவராக என்டோஸ்மென்டைத் திருப்பி எடுத்து அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒருவருக்குக் கொடுத்தோம்; ஓர் இரவு ஒன்பதரை அப்டேட்டில் ஒரே ஒரு என்டோஸ்மென்ட் வித்தியாசத்தில் ஆள் இறங்கினான். எங்களை அவன் துரத்தியிருக்கலாம். அதற்குத் தேவையான இன்ஃப்ளூயன்ஸ், அதாவது பிராந்தியத்தில் சேர்த்த செல்வாக்கு, போதவில்லையா, மனம் வரவில்லையா, இன்னும் சொல்கிறானில்லை. கல்யாண வீட்டில் கேட்டும் சிரிக்கிறான்.

குறை என்றால், பிரச்சினைகள் எல்லாம் ஆங்கிலம், அதுவும் சிலேடை ஆங்கிலம், பாதி பகிடி நமக்குப் பிடிபட வருடக்கணக்காகும். ஓரிரு வருடத்தில் அதே பிரச்சினைகள் திரும்ப வரத் தொடங்கும். தனியாக விளையாடினால் மூன்று மாதத்தில் அலுத்துவிடும், கூட்டாளிகள் இல்லாமல் தொட வேண்டாம். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய மாற்றம், இப்போது பிராந்தியத்தை நடத்தும் கவர்னர் பதவிக்கு வாரிசை நியமித்து வைக்கலாம், எங்களுக்கு நடந்தது அவ்வளவு இலேசாக இனி நடக்காது.

காக்கா புது நாடு ஒன்றோடு திரும்பி வந்துவிட்டார், டோஹாவில் பின்னேரம் ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து அப்டேட் பார்ப்பது இப்போது அவர் பொறுப்பு. அடுத்த தேர்தலுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். பொதுச் செயலாளரும் தனிக் கட்சியாக மனுக் கொடுத்திருக்கிறான், அவனும் தயிர்ச்சட்டிதான் வேணுமாம்.